நீலச் சுவருக்கு முன்னால் ஓர் ஆள்

இனிமேல் தான் குமாஸ்தா இல்லை, கலைஞன் என்று அவர் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல் தேய்க்கும்போது. தெருப் புகைப்படப் போட்டி அறிவித்திருந்தார்கள். முதல் பரிசு மூன்று நாள் மலைப்பயணம், ஒரே ஒருவருக்கு. அந்த 'ஒரே ஒருவருக்கு' என்ற இடத்தில்தான் அவருக்குக் கலை பீறிட்டது. ஒன்றரை வயது மகள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் முழுசாய்த் தூங்கியதில்லை.

"நீங்க மலைக்குப் போயிட்டா பிள்ளையை யாரு பாக்குறது?" என்றாள் மனைவி.

"நீதான். எனக்கு அதெல்லாம் எங்க வருது?"

அவள் போட்டி அறிவிப்பை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

இடம் பிடித்தாயிற்று. சைக்கிள் கடையின் பக்கச் சுவர். கண்ணைப் பறிக்கும் நீலம். ஃபிரேமின் ஓரமாக, அழுத்தமான நிறத்தில் ஓர் ஆள் கடந்தால் போதும், படம் பேசும். இரண்டு ஞாயிறு காத்திருந்தார். ஊரே சாம்பல் சட்டை போட்டுக்கொண்டு கடந்துபோனது.

மூன்றாம் வாரம் மனைவியே இறங்கி வந்தாள். "நான் மஞ்சள் உடுப்பு போட்டுக்கிட்டு நடக்கட்டுமா? பிள்ளையை நீங்க வச்சுக்கோங்க."

"இதோ பாரு, கேமராவைப் பாக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. நான் கத்தினாலும் திரும்பக் கூடாது. இயல்பா போய்க்கிட்டே இரு."

"போய்க்கிட்டே இருக்கணும். சரிங்க."

பிள்ளையின் சாமான் அடைத்த சிவப்புப் பையை அவர் கழுத்தில் மாட்டினாள். மகளை அவர் இடுப்பில் ஏற்றினாள். நடந்தாள்.

என்ன நடை! கேமராவைத் தூக்கினார். மகள் லென்ஸை நக்கினாள்.

"நில்லு, நில்லு! முதல்லேருந்து வா!"

அவள் திரும்பவில்லை.

"ஏம்மா! போதும்மா!"

சுவர் முடிந்தது. முனை திரும்பினாள். ஆளைக் காணோம்.

"சார், அம்மா போயிட்டாங்களே," என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"நான்தான் திரும்பாதேன்னு சொன்னேன்."

"சொன்ன பேச்சு கேக்குற சம்சாரம்! குடுத்து வச்சவரு சார் நீங்க."

ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் மகள் டயர் கறுப்பைக் கன்னத்தில் பூசிக்கொண்டு நீலச் சுவரை நோக்கி ஓட்டம் பிடித்தாள். அவர் துரத்தினார். கழுத்தில் சிவப்புப் பை, பல்லுக்கிடையில் பால்புட்டி, கையில் பாதி தலைகீழாய் மகள். எதிர்மாடிக் காப்பிக்கடை ஜன்னலில் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை வருஷத்தில் முதல்முறையாக, சூடு ஆறாத காப்பி. ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாகச் செல்போனை எடுத்தாள். இது அவருக்குத் தெரியாது.

அவர் போட்டிக்கு அனுப்பியது, எச்சில் மூட்டத்துக்குள் ஒரு மஞ்சள் முழங்கை.

முதல் பரிசு மனைவிக்கு. நடுவர்கள் எழுதியிருந்தார்கள்: 'நீலத்தின் நடுவே அந்தச் சிவப்பு அபாரம். பிள்ளை வளர்ப்பில் ஊறிய தந்தையின் லாவகம் அதைவிட அபாரம்.'

அவள் ஸ்வெட்டர் மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியை மறித்து நின்றார்.

"மூணு நாளு! சத்தியமா எனக்குப் பிள்ளை பாக்கத் தெரியாதும்மா!"

"சும்மா அடக்கமா பேசாதீங்க," என்று பெட்டியை மூடினாள். "மூணு நடுவர் கையெழுத்துப் போட்டிருக்காங்க."