நான் மாத்தையாவான சனிக்கிழமை

உள்ளதைச் சொல்லுறன், எனக்கு நடிக்கத் தெரியாது. பள்ளிக்கூட நாடகத்தில மரமா நிக்கச் சொல்லியும் விழுந்தனான். (எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தில இருந்தே விழுந்திட்டன், அது வேற கதை.)

அப்ப மகளை முதலாம் வகுப்பில சேர்க்கோணும். அவளிட பிறப்புச் சேட்டிபிக்கட்டில என்ர பிறந்த வருசத்தைப் பிழையா அடிச்சுப் போட்டாங்கள். அதின்படி நான் மகளை விட ரெண்டு வயசு இளமை! திருத்தாட்டிப் பள்ளிக்கூடத்தில எடுக்க மாட்டினம். கொட்டாஞ்சேனையில இருந்து மூண்டு கிழமையாப் பிறப்புப் பதிவுக் கந்தோருக்கு அலைஞ்சன். அங்க ஒரு மாத்தையா, சிங்கள உத்தியோகத்தர். மூக்கு நுனியில கண்ணாடி. பிளேன்ரீயைக் கலக்கிக்கொண்டு தலை நிமிர்த்தாமலே சொல்லுவார்: "ஹெட்ட எண்ட." நாளைக்கு வரட்டாம்.

இதை மனுசியிட தங்கச்சி துஷாவுக்கு நடிச்சுக் காட்டினதுதான் என்ர பிழை. அவள் சித்திரம் படிக்கிறவள்.

"அத்தான், இது பெர்போமன்ஸ் ஆர்ட்! அதிகாரத்தையே கேள்வி கேக்கிறம்!"

"நான் என்ன கேக்கோணும்?"

"நீங்க ஒண்டும் கேக்க வேண்டாம். இப்பிடியே இருங்கோ. என்ன நடந்தாலும் தலை நிமிர்த்தக் கூடாது."

சனிக்கிழமை வெள்ளவத்தையில ரோட்டோரமா மேசை போட்டு இருந்தன். துஷாட சிநேகிதர் நாலு பேர் கியூவில நிண்டவை. கியூவைக் கண்டா எங்கட சனம் விடுமோ? காஸ் சிலிண்டருக்கோ பாஸ்போட்டுக்கோ எண்டு கேக்காமலே நாப்பது பேர் பின்னால நிண்டிட்டினம். எல்லாருக்கும் "ஹெட்ட எண்ட". ஒருத்தரும் கோவிக்கேல்லை. ஒரு அன்ரி, "எத்தினை மணிக்கு, சேர்?" எண்டா. எனக்கு மண்டைக்கனம் ஏறிப்போச்சு.

அடுத்த ஆளுக்கும் சொன்னன். ஆள் போகேல்லை.

"மல்லி, மே மம நேத?"

தம்பி, இது நான்தானே எண்டு கேக்கிற அந்தக் குரல்... நிமிர்ந்தன். மூக்கு நுனியில கண்ணாடி, கையில மரக்கறி பேக்.

பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கக் கடைசி நாள் புதன்கிழமை. திங்கள் கந்தோருக்குப் போனன்: "ஹெட்ட எண்ட." செவ்வாய் போக, மாத்தையா எழும்பி முழுக் கந்தோரையும் கூப்பிட்டார். என்னைத் தன்ர கதிரையில இருத்தி, தன்ர பிளேன்ரீயையும் தந்து, "இப்ப செய்" எண்டார்.

தலை நிமிர்த்தாமல் கலக்கினன். "ஹெட்ட எண்ட."

முதல்ல பியோன் சிரிச்சான். பிறகு முழுக் கந்தோரும். மாத்தையா மட்டும் சிரிக்கேல்லை. சேட்டிபிக்கட்டைத் திருத்தி, சீல் குத்தி, நீட்டிக்கொண்டு சொன்னார்:

"நான் இடக்கையாலதான் கலக்கிறனான், மல்லி."

மகள் இப்ப ஏழாம் வகுப்பு. வீட்டில நான் ஒரு தேத்தண்ணி கேட்டாப் போதும். என்ர கண்ணாடியை எடுத்துத் தன்ர மூக்கு நுனியில வைச்சு, தலை நிமிர்த்தாமலே சொல்லுவாள்:

"தம்பி, நாளைக்கு வாங்கோ."