நாலாவது மூலை

சர்வேயர் ஊரில் நிலத்தை அளப்பார். வீட்டுக்கு வந்தால் வாயால் அளப்பார். ஆகவே ஒரு சனிக்கிழமை காலை, கயிறாகச் சுருண்டு கிடந்த மெத்தை விரிப்பைத் தூக்கிக்கொண்டு அவர் சமையலறைக்குள் வந்து முழங்கியபோது, மனைவி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவே இல்லை.

"ஒரு மாசமா இதே கூத்து. படுக்கிறது மெத்தையில, முழிக்கிறது மூட்டையில! இனிமே இந்த வீட்டுக்கு ஷீட் நான்தான் வாங்குவேன்."

"தாராளமா வாங்குங்க. ஆனா புது மெத்தை ரொம்ப தடிமன். உயரத்தையும் அளந்துக்கிட்டுப் போங்க."

"உயரமா? இருபத்திரண்டு வருஷமா நிலம் அளக்கிறேன். எவனாவது நிலத்துக்கு உயரம் கேட்டிருக்கானா?"

"நிலத்துக்கு யாரும் எலாஸ்டிக் வெச்ச ஷீட் மாட்டுறதில்லைங்க."

நியாயமான பேச்சு சர்வேயருக்கு எப்போதுமே ஆகாது. "பந்தயமா?" என்றார்.

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "என்ன பந்தயம்?"

"என் ஷீட் நாலு மூலையிலயும் உட்கார்ந்தா, நாளைக்குப் பூரா நான் சீட்டாடப் போவேன். நீ வாயே திறக்கக்கூடாது."

"உட்காரலைன்னா?"

"நீ சொல்றதைச் செய்யறேன்."

"பரண்," என்றாள் மனைவி. மூன்று வருஷமாகச் சுத்தம் செய்யாமல் அவர் சாக்குச் சொல்லித் தப்பித்துவந்த பரண். அந்தப் பேரைக் கேட்டதுமே சர்வேயருக்குத் தும்மல் வந்தது.

கடையில் இருந்த பெண்ணும் அதையே கேட்டாள். "மெத்தை எவ்வளவு உயரம் சார்? ஆறு இன்ச்சா, பத்தா, அதுக்கும் மேலயா?"

வீட்டில்தான் இந்தத் தொல்லை என்றால் இங்கேயுமா? "சாதாரண மெத்தைதான்மா."

"எதுக்கும் ஒரு தடவை அளந்து பார்த்துட்டு..."

"அம்மா, நான் சர்வேயர்!"

அவள் ஆறு இன்ச் ஷீட்டைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை, மனைவி மாடியில் துணி உலர்த்தப் போன நேரம் பார்த்து சர்வேயர் காரியத்தில் இறங்கினார். முதல் மூலை உட்கார்ந்தது. இரண்டாவது உட்கார்ந்தது. மூன்றாவதைப் பல்லைக் கடித்து மாட்டினார். நாலாவதை இழுத்தார். டப்! முதல் மூலை கழன்றது. ஓடிப்போய் அதை மாட்டினார். டப்! மூன்றாவது. கட்டிலைப் பதினோரு சுற்று சுற்றினார். மெத்தையோ பதின்மூன்று இன்ச். மூலை நாலு, மூளை ஒன்று. எது எதைக் கவனிக்கும்?

படியில் காலடிச் சத்தம். சர்வேயர் நாலாவது மூலையை வெறியோடு இழுத்து மாட்டி, அது கழல்வதற்குள் கட்டிலில் பாய்ந்தார். கைக்கு ஒரு மூலை, காலுக்கு ஒரு மூலை என்று பல்லி போலக் குப்புறப் படுத்து அமுக்கிக்கொண்டார்.

"என்னங்க இது?"

"படுத்துப் பார்க்கறேன். அடடா, என்ன கச்சிதம்!"

மனைவி கட்டிலை ஒரு சுற்று சுற்றி வந்தாள். "ஆமாங்க, நாலும் உட்கார்ந்திருக்கே! நீங்க ஜெயிச்சுட்டீங்க. எழுந்து சீட்டாடப் போங்க."

அங்கேதான் வந்தது வினை. எழுந்தால் ஷீட்டு போச்சு. எழாவிட்டால் சீட்டு போச்சு.

"மெதுவா போறேன். காபியை இங்கேயே கொண்டு வாயேன்."

கொண்டுவந்தாள். அவர் கையை எடுக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் ஒரு ஸ்ட்ரா எடுத்துவந்து டம்ளரில் போட்டாள். சர்வேயர் சூடான காபியை உறிஞ்சி நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

அரைமணி நேரம் ஆயிற்று. அவருடைய சீட்டாட்டக் கூட்டாளியான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பொறுமையிழந்து வீட்டுக்கே வந்துவிட்டார். மனைவி அவரை நேரே படுக்கையறைக்கு அழைத்து வந்தாள்.

"என்னய்யா, அங்க மூணு பேரு சீட்டைக் கலைச்சு வெச்சுட்டு உட்கார்ந்திருக்கோம். நீ இங்க நீச்சல் கத்துக்கறியா?"

"முதுகு பிடிச்சுக்கிச்சு."

"அட பாவமே! கையைக் குடு."

"வேண்டாம்! தொடாதே!"

நண்பர் நல்ல மனுஷர். வலக்கையைப் பிடித்து ஒரே இழுப்பு.

டப்! டப்! டப்! டப்! நாலு மூலையும் ஒன்றாகக் கிளம்பி வந்து சர்வேயரைக் கால் முதல் கழுத்து வரை சுற்றிக்கொண்டன. நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது முதுகு வலி மாதிரி தெரியலையே. பார்சல் மாதிரியில்ல இருக்கு?"

மனைவி சிரிக்கவில்லை. ஏணியைக் கொண்டுவந்து சாத்தினாள். "நீங்க போங்கண்ணா. இன்னைக்கு அவருக்கு மேலிடத்துல வேலை."

மத்தியானம். தலையெல்லாம் ஒட்டடையோடு சர்வேயர் பரணிலிருந்து கீழே எட்டிப் பார்த்தார். மனைவி ஒரு புது ஷீட்டை விரித்துக்கொண்டிருந்தாள். நாலு மூலையும் பூப்போல இறங்கி உட்கார்ந்தன. ஒரு டப் கூட இல்லை.

"ஏய், அது ஏது?"

"தடிமன் மெத்தைக்குன்னே வர்ற ஷீட்டுங்க. மெத்தை வந்த அன்னைக்கே வாங்கிட்டேன்."

"அடிப்பாவி! அப்புறம் ஏன் ஒரு மாசமா என்னை அந்தச் சுருட்டல்ல படுக்க வெச்ச?"

மனைவி கடைசிச் சுருக்கத்தையும் கையால் நீவிவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க பந்தயத்துக்கு வர இத்தனை நாளாகும்னு நான் என்னங்க கண்டேன்? ஒரு வாரத்துல வந்துடுவீங்கன்னுல்ல நெனச்சேன்!"