நூறு கிளிக்கு ஒரு நாற்காலி

கிள்ளைநாடு என்று ஒரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம். அந்நாட்டு அரசாங்கம் தன் எல்லைக்கோடுகளை அடிக்கடி அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்ததால், எந்த வரைபடக்காரனும் அதை அச்சில் ஏற்றத் துணியவில்லை.

அந்த நாட்டில் மனிதர்கள் உழுதார்கள், நெய்தார்கள், வரிசையில் நின்றார்கள். ஆனால் ஆட்சி நடந்தது கிளிகளின் பெயரால். தலைநகருக்கு வடக்கே ஒரு கூடம், தெற்கே ஒரு கூடம். பச்சையும் மஞ்சளும் நீலமுமாக, உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கிளிகள் ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம். நூறு கிளிக்குச் சபையில் ஒரு நாற்காலி என்பது சட்டம். நாற்காலியில் கிளி உட்காராது. கிளிக்காகப் பேசுகிற ஆள் உட்காருவார். கிளிகள் எதைத் தின்ன வேண்டும், எத்தனை மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும், ஆற்றுத் தண்ணீர் எந்தக் கூடத்துக்கு முதலில் என்பதையெல்லாம் அந்த நாற்காலிகள் கைதூக்கி முடிவு செய்தன.

தெற்குக் கூடத்தின் காப்பாளர் செண்பகவடிவு. நாற்பதைக் கடந்தவள், எல்லோருக்கும் வடிவு. கூண்டு கழுவுவதும் கிளிகள் உட்காரும் கம்புகளை மாற்றுவதும் அவள் கணவன் மாசிலாமணியின் வேலை. அவன் அதிகம் பேசமாட்டான். அதிகாரிகள் வந்தால் அந்தக் கொஞ்சமும் பேசமாட்டான்.

ஒருநாள் இறகுத்துறை அமைச்சர் மேளதாளத்தோடு வந்தார். நாட்டில் கிளிகள் பெருகிவிட்டன, தானியம் போதவில்லை, இனி முட்டையைக் கட்டுப்படுத்துவதே தேசபக்தி என்று அறிவித்தார். ‘அளவோடு முட்டை, அழகான கூண்டு’ என்று எல்லாச் சுவரிலும் எழுதினார்கள். வடிவு அதை நம்பினாள். அவள் செய்த ஒரே பிழை அதுதான்.

நம்பியதோடு நிற்கவில்லை, வேலையிலும் இறங்கினாள். முட்டையிடுவதற்காகக் கூண்டுகளில் தொங்கவிட்டிருந்த மண்கலயங்களில் சிலவற்றை மட்டும் விட்டு, மற்றவற்றை எல்லாம் இறக்கினாள். கலயம் இருந்தால்தானே பெட்டைக்குக் கூடு வைக்கும் நினைப்பு வரும். மாலையானதும் கூடத்துக்குத் திரை இழுத்து, கிளிகளின் பகலைச் சுருக்கினாள். ஊறவைத்த தானியமும் அவித்த கோழிமுட்டையும் குஞ்சு பொரிக்கிற ஆசையைக் கிளப்பும் என்பதால் அவற்றை நிறுத்திவிட்டு, தினையும் சாமையும் அளவாக வைத்தாள். கூடவே முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், அலகு உரசவும் சுண்ணாம்புச் சத்துக்கும் கணவாய் மீனின் ஓடு.

அப்படியும் சில பெட்டைகள் மூலையில் முட்டை இட்டுவிடும். தெரியாதவர்கள் அதை எடுத்து எறிந்துவிடுவார்கள். எறிந்தால் பெட்டை விடாது. போன முட்டைக்குப் பதிலாக இன்னொன்று, அதற்குப் பதிலாக இன்னொன்று என்று இட்டு இட்டு, எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தெல்லாம் கரைந்து ஓய்ந்துபோகும். வடிவு அதைச் செய்யமாட்டாள். சுடுமண்ணில் உருட்டிய முட்டைகளை அந்த இடத்தில் வைத்துவிட்டு, நிஜ முட்டையை எடுத்துக்கொள்வாள். பெட்டை மூன்று வாரம் பொறுமையாக அடைகாக்கும். பிறகு ஒருநாள் அலுத்துப்போய் எழுந்து, தீனி தின்னப் போய்விடும். உடம்புக்குச் சேதமில்லை.

வடக்குக் கூடத்தின் காப்பாளர் கஜராயருக்கும் அதே ஆணைதான் போனது. அவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். அதற்குக் கீழேயே கலயங்களையும் மாட்டினார். யாரும் கேட்கவில்லை.

பத்து வருடத்தில் தெற்குக் கூடத்தில் ஆயிரத்து நூறு கிளிகள் இருந்தன. பளபளவென்று இறகு, கலகலவென்று பேச்சு. அமைச்சர் வந்து வடிவுக்குப் பொன்னாடை போர்த்தி, நாட்டுக்கே முன்மாதிரி என்று சான்றிதழ் கொடுத்தார். அந்தப் பத்து வருடமும் வடக்கில் ஒருவரும் எதையும் இறக்கவில்லை, எதையும் மாற்றவில்லை. அங்கே ஐயாயிரத்து எண்ணூறு.

பிறகு ஒருநாள் நாற்காலிகளைப் புதிதாகப் பங்கிட வேண்டும் என்று பேரரசருக்குத் தோன்றியது. இலக்கப் பேரதிகாரி என்று ஒருவரை நியமித்தார்கள். உயிருள்ள எதையும் எண்ணாகவே பார்க்கப் பழகிய மனிதர். வடக்கில் அவர் கிளிகளோடு முட்டைகளையும் சேர்த்து எண்ணினார்; அவை பிறக்கவிருக்கும் குடிமக்களாம். தெற்கே வந்து கூடையிலிருந்த முட்டைகளை எண்ணத் தொடங்கியபோது வடிவு பதறிப்போய், அவை மண்முட்டைகள் என்றாள். அவர் பேனாவை நிறுத்தினார்.

“அம்மணி, மண் என்று நீர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நாம் கேட்கவில்லையே.”

“உசிரில்லாததை உசிருன்னு எப்படிய்யா சொல்றது?” என்றாள் வடிவு.

பேரதிகாரி அவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, சுழியம் போட்டார்.

இருபது நாற்காலியாக இருந்த தெற்கு, பதினொன்று ஆயிற்று. இருபதாக இருந்த வடக்கு, முட்டைகளையும் சேர்த்து அறுபத்து மூன்று. வடிவு பொன்னாடையையும் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு அமைச்சரிடம் ஓடினாள். சொன்னபடி நடந்தவர்களுக்குத் தண்டனை, சொன்னதைக் காதில் வாங்காதவர்களுக்குப் பரிசு, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டாள். அமைச்சர் சான்றிதழை ஆசையோடு படித்துப் பார்த்தார். அதில் இருப்பது தம் கையெழுத்துதான் என்று உறுதிப்படுத்தினார்.

“உம் சேவையை நாடு மறக்காது. ஆனால் எண்ணிக்கைக்கு நன்றியுணர்ச்சி கிடையாது, அம்மா. அது வெறும் எண்ணிக்கை.”

வெளியே வந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஏமாற்றியவன் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருக்க, ஏமாந்தவள் தலைகுனிந்து வெளியேறுவது எந்த நாட்டிலும் பார்க்கச் சகிக்காத காட்சி.

புதிய சபை கூடியதும் முதல் தீர்மானம், ‘ஒரே நாடு, ஒரே விதை’. வடக்கில் தினையும் கிடையாது, தெற்கில் தினைதான் உண்டு, இப்படி ஆளுக்கொரு தீனி தின்றால் ஒற்றுமை எங்கிருந்து வரும் என்று ஒருவர் கண்கலங்கப் பேசினார். இனி எல்லாக் கிளிக்கும் சூரியகாந்தி விதை மட்டும். அமைச்சரின் மைத்துனர் வயல்களில் அந்த வருடம் சூரியகாந்தி அமோகமாகப் பூத்திருந்தது தற்செயல். ஆதரவாக அறுபத்து மூன்று கைகள் உயர்ந்தன. எதிராகப் பதினொன்று உயர்ந்ததை யாரும் எண்ணவில்லை.

சூரியகாந்தி விதை கிளிக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதுதான் ஆபத்து. அது முழுக்க எண்ணெய். எப்போதாவது நாலு விதை கொடுத்தால் விருந்து. அதையே மூன்று வேளையும் கொட்டினால் கொழுப்பு ஏறி, ஈரல் வீங்கி, பறக்கத் தெரிந்த கிளி கம்பிலிருந்து கம்புக்குத் தாவவே மூச்சு வாங்கும். விதை மூட்டைகள் இலவசமாக வந்து இறங்கின. கிளிகள் ஆவலாக ஓடிவந்து தின்றன. பேரரசரின் கருணையைக் கிளிகளே வரவேற்கின்றன என்று மறுநாள் முரசறைந்தார்கள்.

வடிவு முற்றத்து முருங்கையிலிருந்து கீரை பறித்துப் போட்டுப் பார்த்தாள். ஆய்வுக்கு வந்தவர்கள் கீரையைக் கண்டார்கள். தெற்குக்கென்று தனிக் கீரை வைத்துக்கொள்வது பிரிவினை மனப்பான்மை என்று எழுதி, மரத்தை அடியோடு வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். வெட்டுண்டு கிடந்த மரத்துக்குப் பக்கத்தில் மாசிலாமணி நெடுநேரம் நின்றான்.

அந்த மாதம் கஜராயர் தெற்கே வந்தார். மனிதர் பாதியாக இளைத்திருந்தார். நாற்காலிகள் கூடியதில் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று வடிவு நினைத்திருந்தாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நாற்காலி கூடிச்சும்மா, கம்பு கூடலை. எங்க கிளிங்க ஒண்ணு மேல ஒண்ணு உக்காருது, ஒண்ணை ஒண்ணு கொத்துது. அறுபத்து மூணு பேர்ல ஒருத்தராவது கூடத்துக்குள்ள வந்து பாத்திருக்காங்களா? நாத்தம் தாங்கலைன்னு வாசலோட திரும்பிடுறாங்க.”

மண்முட்டை செய்வது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். இரண்டு வாரத்தில் அவரை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்.

அடுத்த ஆணை தெற்குக்கு மட்டும் வந்தது. தெற்கில் கிளிகள் குறைந்துகொண்டே போவது தேசத்தின் எதிர்காலத்துக்கு ஆபத்து. இதற்குக் காரணமானவர்கள் வெட்கப்பட வேண்டும். ஆகவே எல்லாப் பெட்டைகளும் உடனடியாக முட்டையிட வேண்டும். ‘முட்டை குறைந்தால் முடிந்தது நாடு’ என்று, பழைய வாசகத்தின் மேலேயே சுண்ணாம்பு அடித்து எழுதினார்கள். வண்டி வண்டியாகக் கலயங்கள் வந்தன. திரைகளைக் கிழித்தெறிந்து, விடியுமுன் தொடங்கிப் பதினாறு மணிநேரம் விளக்கெரிய வைத்தார்கள். மண்முட்டைகளைத் தேசவிரோதப் பொருள் என்று பறிமுதல் செய்து வாசலில் போட்டு உடைத்தார்கள்.

வடிவு கெஞ்சினாள். கிழட்டுப் பெட்டைகளை விட்டுவிடுங்கள், உடம்பு தாங்காது, ஈரல் வீங்கிக் கிடக்கிறது, கணவாய் ஓடுகூட நீங்கள் நிறுத்திவிட்டீர்கள், ஓடு கட்டக்கூடச் சத்தில்லாமல் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும் என்று ஒவ்வொரு அதிகாரியிடமும் சொன்னாள். ஆணையில் வயதைப் பற்றிக் குறிப்பில்லை என்று பதில் வந்தது.

மிளகு என்று ஒரு பெட்டை. ஆறு வயது, அந்தச் சின்னக் கிளிகளுக்கு அது முதுமை. குஞ்சாக இருந்தபோது கால் ஒடிந்து கிடந்ததை வடிவுதான் குச்சி கட்டிப் பிழைக்கவைத்தாள். அன்றிலிருந்து அவள் கூடத்துக்குள் வந்தால் தோளில் வந்து உட்கார்ந்துவிடும். கலயமும் வெளிச்சமும் எண்ணெய் விதையுமாகச் சேர்ந்ததில், அந்த வயதிலும் மிளகின் வயிற்றில் முட்டை உருவானது. ஒருநாள் காலையில் அது கூண்டின் தரையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வால் மேலும் கீழும் துடித்தது. முக்கி முக்கிப் பார்த்தும் முட்டை வரவில்லை.

வடிவு வெந்நீரில் துணி நனைத்து ஒற்றினாள், சூடான ஆவி படும்படி ஏந்திக்கொண்டாள், சொட்டு எண்ணெய் தடவினாள். கணவாய் ஓட்டைத் தேடி மாசிலாமணி பரண் முழுக்கத் துழாவினான். ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. மதியம்வரை மிளகு அவள் உள்ளங்கையில் போராடியது. பிறகு கழுத்து ஒருபக்கம் சாய்ந்தது. இதைச் செய்தவர்கள் எவரும் மிளகை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து இலக்கப் பேரதிகாரி மறு கணக்கெடுப்புக்கு வந்து சேர்ந்தார். பின்னால் இரண்டு சேவகர்கள் துணி மூடிய வண்டியொன்றை வாசலில் நிறுத்தினார்கள். அவர் வடிவின் கையைப் பார்த்தார்.

“இறந்துவிட்டதா?”

வடிவு தலையசைத்தாள்.

“முட்டை உள்ளே இருக்கிறதா?”

“இருக்குய்யா. அதுதானே கொன்னுச்சு.”

பேரதிகாரியின் முகம் சற்று மலர்ந்தது. “கவலை வேண்டாம். இறப்பு இன்னும் பதிவாகவில்லை. ஆகையால் இதை இரண்டு என்று எழுதிக்கொள்ளலாம். தெற்கின் மீது அரசுக்கு வன்மம் கிடையாது என்பதற்கு இதுவே சான்று.”

“எழுதாதீங்க” என்றாள் வடிவு. “இது பேரை எந்த ஏட்டுலயும் எழுதாதீங்க. குறைக்கச் சொன்னீங்க, குறைச்சேன். குறைச்சதுக்கு நாற்காலியைப் பிடுங்கினீங்க. கேக்க வாயில்லாததுனால என்னத்தையோ தின்னக் குடுத்தீங்க. இப்ப பெறச் சொல்லிக் கொன்னுட்டு, ரெண்டுன்னு எழுதுறீங்களா?”

பேரதிகாரி கோபப்படவில்லை. கோபம் அவர் பதவிக்குரியதல்ல. அந்த ஏட்டை மூடி வைத்துவிட்டு, இன்னும் மை படாத புதிய ஏடு ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். கிளிகளை மட்டும் எண்ணினால் போதாது என்று பேரரசர் நேற்றுதான் முடிவெடுத்திருக்கிறார் என்றார்.

“உமக்குப் பிள்ளைகள் எத்தனை?”

வடிவுக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும், “ஒரே பொண்ணு” என்றாள்.

“ஒன்றுதானா?” அவர் உச்சுக்கொட்டிக்கொண்டே எழுதினார். “தெற்கில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பதில்தான் வரும் போலிருக்கிறது. என்ன வயது?”

இதுவரை எந்த அதிகாரி முன்னும் வாய் திறக்காத மாசிலாமணி, கூண்டு கழுவும் துடைப்பத்தோடு இருவருக்கும் நடுவில் வந்து நின்றான்.

“வெளிய போங்க” என்றான்.

பேரதிகாரி ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று குறித்துக்கொண்டு, அவசரமில்லாமல் அடுத்த வீட்டை நோக்கி நடந்தார். சேவகர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார்கள். திருப்பத்தில் காற்றடித்து மேல்துணி விலகியது. வண்டி நிறையப் புதுத் தொட்டில்கள் அடுக்கியிருந்தன.