ஜரிகை போர்த்திய ரூட்டர்

படித்தவர்கள் செய்யும் முட்டாள்தனத்துக்கு எப்போதும் மவுசு அதிகம். படிக்காதவர் ஒரு சாதனத்தை ஓட்டத் தெரியாமல் விழித்தால், "பாவம், அவருக்கு என்ன தெரியும்" என்று விட்டுவிடுவார்கள். நானோ ஒரு பாலிடெக்னிக்கில் பதினோரு வருடம் நெட்வொர்க் பாடம் நடத்தியவள். எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரோடு எப்படிப் பேசுகிறது என்பதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவேன். அப்படிப்பட்ட நான், உள்ளங்கை அளவுக் கேமரா ஒன்றைப் பக்கத்து அறையில் இருந்த வைஃபையோடு சேர்த்து வைக்க ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டித் தோற்றேன். வெறுமனே தோற்றிருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

அப்பா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தனியாகப் பட்டு நெய்துகொண்டு இருந்தார். அம்மா போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. காலையில் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அங்கேதான். நான் கேமராவோடு மல்லுக்கட்டிய நாளுக்கு இரண்டு மாதம் முன்னால், குழியிலிருந்து எழுந்தவர் தலை சுற்றிக் கீழே விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுத் தேவகி அக்கா கறிவேப்பிலை கேட்டு உள்ளே வந்ததால் தெரிந்தது. அதற்குள் ஒரு மணி நேரம் போயிருந்தது. அன்றிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், புகுந்த வீடான வாலாஜாபாத்திலிருந்து பஸ் பிடித்து வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் துறைத்தலைவர் வேலைக்குக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். என் கணவர் பாஸ்கருக்கு லேப்டாப் இருக்கும் இடம்தான் ஆபீஸ், அதனால் அவர் தயார். அப்பாவும் போ என்றுதான் சொன்னார். எனக்குத்தான் மனசு வரவில்லை. அவர் மறுபடியும் விழுந்து, தேவகி அக்கா வீட்டில் கறிவேப்பிலை தீராமல் இருந்துவிட்டால்?

அதனால் எனக்கு நானே ஒரு முடிவு கட்டிக்கொண்டேன். தறி அறையில் ஒரு கேமரா. அது கோயம்புத்தூரிலிருந்து பார்க்கிற மாதிரி வேலை செய்தால் போவது, செய்யாவிட்டால் வேண்டாம் என்று எழுதிவிடுவது. இதை மாமியாரிடம் மட்டும் மூச்சு விடவில்லை. (அவர்களிடம் எதைச் சொல்வதற்கும் நல்ல நாள் பார்க்க வேண்டும். நல்ல நாள் பெரும்பாலும் அடுத்த மாதம்தான் வரும்.)

முந்தைய ஞாயிற்றுக்கிழமை பாஸ்கர் வந்து கேமராவைச் சுவரில் மாட்டினார். புதுப் போனில் இடமில்லை என்று தன் பழைய போனில் ஆப்பை ஏற்றினார். படம் ஜோராக வந்தது. கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம், படம் போய்விட்டது. "டுபாக்கூர் கேமரா, மாத்திடலாம்" என்றார். நான் விடுவேனா? "நீங்க மாட்டுனது சரியில்ல. வெள்ளிக்கிழமை காலேஜ் லீவு. நானே பாத்துக்கறேன்" என்றேன். இந்தத் திமிருக்குத்தான் வெள்ளிக்கிழமை கூலி கிடைத்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து இறங்கினேன். பாஸ்கர் ஏதோ மீட்டிங் என்று சென்னைக்குப் போயிருந்தார். அவருடைய கணக்கே வேண்டாம், எல்லாவற்றையும் என் பெயரில் புதிதாகத் தொடங்கலாம் என்று என் போனில் ஆப்பை ஏற்றினேன். வைஃபை பாஸ்வேர்ட் கேட்டது. அது ரூட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும்.

எங்கள் வீட்டில் மதிப்புள்ள எதையும் வெறுமனே வைக்க மாட்டோம். மிக்சி, டிவி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் தறியில் மிஞ்சின துணியில் போர்வை உண்டு. பட்டுத்தூசு படியக்கூடாது இல்லையா. ரூட்டர்தான் வீட்டுக்கு வந்த கடைசிச் செல்லப்பிள்ளை என்பதால், அப்பா அதற்கு இருப்பதிலேயே உசத்தியானதை எடுத்துப் போர்த்தியிருந்தார். எப்போதோ டிசைன் பிசகிப்போன ஒரு புடவையின் முந்தி, முழுக்க முழுக்க அசல் வெள்ளி ஜரிகை, நாலு மடிப்பு. கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது ரூட்டர். முந்தியை எடுத்தேன், பாஸ்வேர்டைக் குறித்தேன், அந்தத் துணியாலேயே கேமராக் கண்ணாடியையும் ஒரு துடை துடைத்தேன்.

பிறகு தொடங்கியது கூத்து. ஆப் கட்டம் கட்டமாக ஒரு க்யூஆர் கோடு காட்டும். அதைக் கேமராவுக்கு முன்னால் பிடிக்க வேண்டும். பிடித்தேன். ஒரு வட்டம் சுற்றும். சுற்றியது. 'இணைக்க முடியவில்லை' என்று கொட்டை எழுத்தில் வந்து, கீழே பொடி எழுத்தில் ஏதோ இரண்டு வரி. நான் 'சரி'யைத் தட்டிவிட்டு மறுபடியும் பிடித்தேன். (மெஷின் என்ன சொல்கிறதோ அதை முதலில் முழுசாகப் படியுங்கள் என்று பதினோரு வருடமாகப் பிள்ளைகளிடம் கத்துகிறவள் நான்.)

பதினேழு தடவை. கேமராவைச் சுவரிலிருந்து கழற்றித் தறி மேல் வைத்தேன், ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன், மடியில் வைத்துக்கொண்டு அதன் கண்ணுக்குள்ளேயே என் கண்ணை விட்டுப் பார்த்தேன். போனை அணைத்துப் போட்டேன். ஆப்பை அழித்து மறுபடி ஏற்றினேன். ஒரு கட்டத்தில் கேமராவைப் பார்த்து, "சனியனே, உன்னைப் பாலாத்துல தூக்கிப் போட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்றேன்.

நடுவில் மாமியாரிடமிருந்து போன் வேறு. கட் செய்தேன். மறுபடியும் வந்தது. மொத்தம் நாலு தடவை.

"யாரும்மா?" என்றார் அப்பா, இழைகளுக்கு நடுவே ஓடும் தறி நாடாவை நிறுத்தாமல்.

"அத்தைதான். உப்பு எங்க வெச்சன்னு கேப்பாங்க. இருக்கிற உப்பெல்லாம் அவங்க காரக்குழம்புலதான் இருக்குது."

அப்பாவுக்குச் சிரிப்பு. "கோயம்புத்தூர் சேதியை அவங்களுக்குச் சொன்னியா இல்லியா?"

"சொல்லலப்பா. சொன்னா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாதா?" என்று எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, மாமியார் மாதிரியே இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தேன். "'எங்க காலத்துல நாங்க செவிலிமேடு தாண்டினது கெடையாது. இவ கோயம்புத்தூர் போறாளாம். அங்க போயி இன்னா கோபுரமா கட்டப் போறா?'"

கனைப்பு அப்படியே அச்சாக வந்திருந்தது. அப்பா நாடாவை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கைதட்டல் கிடைத்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர்கள் நடக்கிற நடை, மூக்கைச் சிந்துகிற விதம், சீரியல் பார்த்து அழுகிற அழுகை என்று முழுக் கச்சேரியையும் வைத்தேன்.

சிரித்து முடிந்ததும் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உனக்குப் போவணும்னு ஆசை இருக்குதா இல்லியா? அதைச் சொல்லு" என்றார் அப்பா.

"ரொம்ப ஆசையா இருக்குதுப்பா. ஆனா நீ அன்னிக்கி ஒரு மணி நேரம் தரையில கெடந்தியே. அது ராத்திரியெல்லாம் கண்ணுல வருது. உன்னை யாரு பாத்துப்பா?"

"நான் இன்னா கைக்கொழந்தையா?" என்றார். மறுபடியும் நாடாவைக் கையில் எடுத்தார்.

மணி நாலரை. பதினெட்டாவது தடவையும் 'இணைக்க முடியவில்லை'. போனில் மெயிலைத் திறந்தேன். "என் சூழ்நிலை காரணமாக இந்தப் பொறுப்பை ஏற்க இயலாத நிலையில் இருக்கிறேன் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்னு எழுதிட்டேம்ப்பா. அனுப்பிடறேன்" என்றேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி எதையோ தேடினார்.

அப்போது, மறுபடியும் தறி மேலேயே வைத்திருந்த கேமரா கரகரத்தது. இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தது.

"செல்வி, அந்த மெயிலை அனுப்பாதம்மா."

அப்பா ஒரே தாவில் குழியை விட்டு வெளியே வந்தார். "ஐயோ சம்பந்தியம்மா" என்று சொல்லி, வெற்று மார்பில் கிடந்த துண்டை இழுத்து மூடிக்கொண்டு சட்டை தேடி ஓடினார்.

"அத்தை... நீங்க எப்படி..." என்றேன்.

"எப்படியா? பாஸ்கரு பழைய போன்லதானம்மா நான் சீரியல் பாக்கறேன். காலையில டிங்குனு ஒரு சத்தம். பாத்தா, நீ கையில ஜரிகைத் துணி வெச்சிக்கினு நிக்கற. அப்புறம் அரை மணி நேரம் உன் மூக்கு ஓட்டை மட்டும்தான் தெரிஞ்சுது. 'எல்லாம் தெரியுதும்மா, வுட்டுடு'ன்னு சொல்லத்தான் நாலு வாட்டி போன் பண்ணேன். நீ கட் பண்ணிட்ட."

"அப்போ... காலையிலேர்ந்து எல்லாத்தையும்..."

"எல்லாத்தையும்தான். இதுல பேசறதுக்கு எதை அமுக்கணும்னு தெரியல. சரி, நம்மளைப் பத்தி எப்படியும் வரும்னு கேட்டுக்கினு உக்காந்துட்டேன். கனைப்பு நல்லாத்தான் பண்ற."

தரை பிளந்து தறிக்குழியோடு என்னையும் விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. மாமியாரே தொடர்ந்தார்கள்.

"நீ அழறதைப் பாத்ததும் தாங்கல. கண்டதையும் அமுக்கினேன், பேச்சு வந்துருச்சு. இதக் கேளு. செவ்வாய், வெள்ளி நான் காமாச்சி கோயிலுக்கு வர்றவதான், இன்னிக்கிதான் இதைப் பாத்துக்கினே உக்காந்துட்டேன். வர்றப்ப சம்பந்தியை ஒரு எட்டு பாத்துட்டு வர்றேன். மிச்ச நாளு இதுல பாத்துக்கறேன். எனக்கும் வூட்டுல வேற வேலை இல்ல. நீ அந்தக் கோபுரத்தைக் கட்டிட்டு வா. உன் புருசனையும் இழுத்துக்கினு போ."

மெயிலை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன். அழுகையும் வெட்கமும் சேர்ந்து வந்ததில் மூன்று எழுத்துப் பிழைகள். (துறைத்தலைவரே.)

அதன் பிறகுதான் அந்தப் பொடி எழுத்தைப் படித்தேன். 'இந்தக் கேமரா ஏற்கெனவே வேறொரு கணக்கில் இணைந்துள்ளது.' பதினெட்டுத் தடவையும் அது இதைத்தான் சொல்லியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பாஸ்கர் பாஸ்வேர்டு பார்க்க முந்தியை எடுத்தார், படம் வந்தது. நாங்கள் சாப்பிடுகிறபோது அப்பா பொறுப்பாக ரூட்டரை மறுபடி போர்த்தினார், படம் போனது. வெள்ளிக்கிழமை நான் முந்தியை எடுத்ததுமே பாஸ்கரின் பழைய போனில் படம் தானாகத் திரும்பிவிட்டது. வெள்ளி இழையால் நெருக்கி நெய்த துணியை நாலாக மடித்து மூடினால் அலை எப்படி வெளியே வரும்? உலோகம் அலையைத் தடுக்கும் என்று வருடா வருடம் நானே கேள்வித்தாளில் கேட்கிறேன், இரண்டு மதிப்பெண்.

அன்று வாலாஜாபாத்துக்குப் போன பஸ் மெதுவாகப் போனால் தேவலை என்று வேண்டிக்கொண்டேன். வீட்டில் மாமியார் ஒன்றுமே கேட்கவில்லை. சோறு போட்டு, காரக்குழம்பை ஊற்றி, "சாப்பிட்டுப் பாரும்மா" என்றார்கள். ஒரு கல் உப்பு கிடையாது. தட்டை வழித்துச் சாப்பிட்டு, "நல்லா இருக்குது அத்தை" என்றேன். அதற்கு மேல் அவர்களால் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் அழுகிற அளவுக்குச் சிரித்தோம்.

நான் கோயம்புத்தூர் வந்து இரண்டு வருடமாகிறது. அப்பா இப்போது சட்டை போட்டுக்கொண்டுதான் தறியில் உட்காருகிறார். போன மாதம் ஒரு நாள் காலையில் அவர் திடீரென்று படத்திலிருந்து காணாமல் போனார். மாமியார் இரண்டு நிமிடம் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் கேமரா வழியாக, "சம்பந்தி, சம்பந்தி" என்று போட்ட சத்தத்தில் தேவகி அக்கா, எதிர்வீட்டுக்காரர், பால்காரர் எல்லாரும் உள்ளே ஓடினார்கள். அப்பா கேமராவுக்குத் தெரியாத மூலையில், டாக்டர் கூடாது என்று சொன்ன மசால்வடையைத் தின்றுகொண்டு நல்லபடியாக உட்கார்ந்திருந்தார்.

சேதி கேட்டு ஸ்டாஃப் ரூமில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். ஒரு மணி நேரம் இரண்டு நிமிடமாகக் குறைந்திருந்தது. அதற்காக அழுதேன்.

அன்றைக்குக் கெட்ட பெயர் மட்டும் எனக்கு மீளவே இல்லை. தீபாவளிக்கு எல்லாரும் காஞ்சிபுரத்தில் கூடியிருந்தபோது என் போன் சார்ஜ் ஏறவில்லை. "இது வேலை செய்யலை போல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதுவரை கூடத்தில், அங்கே வராத சொந்தக்காரர்களைப் பற்றிச் சுவாரஸ்யமாக வம்பு பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் கப்பென்று நிறுத்தினார்கள்.

மாமியார் வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்கள்: "செல்வி ஒண்ணு வேலை செய்யலன்னு சொல்லிட்டா, எல்லாரும் நல்லதா நாலு வார்த்தை பேசுங்கப்பா. யாரோ கேட்டுக்கினு இருக்காங்க."