குறச்சு உப்பு

பெரியமுத்து எழுந்து நின்றதும் ஏலப்பாறை மலையே மெல்ல மிதக்கத் தொடங்கியது. எதிர்ச்சரிவுத் தேயிலைச் செடிகள் மூட்டத்துக்குள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. தொழிற்சாலைச் சங்கு தண்ணீருக்கடியில் ஊதியதுபோல் கேட்டது. சுகமாகத்தான் இருந்தது. கால்தான் தரையில் இல்லை.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் வேலைக்கு உடல் பரிசோதனை. தலைசுற்றல் இருந்தால் பழையபடி லாரியில் மூட்டை ஏற்ற வேண்டியதுதான். பயந்துபோய் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"பிரஷர் லோவாணு சேட்டா. குறச்சு உப்பு கழிக்கணும், கேட்டோ?" என்றாள் நர்ஸ் பின்சி.

சங்கரன்கோவிலிலிருந்து கேரளத்துக்கு வந்து ஒரு வருஷமே ஆன பெரியமுத்து, அந்த மலையாளத்தை வீட்டில் பக்குவமாக மொழிபெயர்த்தார்.

"உப்பக் கொறைக்கணுமாம், கழிக்கணுமாம். 'குறச்சு', 'கழிக்கணும்'னு ரெண்டு தடவ அழுத்திச் சொல்லிட்டா, பாத்துக்கோ."

"அப்பக் கொறைச்சிருவோம்ங்க," என்றாள் மனைவி சித்ரா.

கஞ்சியில் உப்பு போயிற்று. தலை இன்னும் சுற்றியது. 'எங்கேயோ மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது' என்று ஊறுகாயையும் கருவாட்டையும் ஒழித்தார். தெம்பு வரட்டுமென்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளித்தார். குளியலறை வாசலிலேயே சரிந்தார். குடிக்கிற தண்ணீர் ரத்தத்தை நீர்க்கச் செய்துவிடுமென்று அதையும் நிறுத்தினார்.

சட்டைப் பித்தான் அறுந்தாலே கத்தி லயத்து வீடுகளையே வாசலுக்கு வரவைக்கிற மனுஷன், இப்போது ஜன்னலோரம் சாய்ந்து கிடந்தார்.

"சித்ரா... மேகம் நம்ம வீட்டுக்குள்ள வருது பாரு. வரட்டும், பாவம்."

"வரட்டுங்க."

"நீ சாப்ட்டியாம்மா?"

கல்யாணமாகி இதுவரை அவர் கேட்காத கேள்வி. சித்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வியாழக்கிழமை, தொழிற்சாலையில் வாடப் போட்டிருந்த கொழுந்தின் மேல் பெரியமுத்து புன்னகையோடு விழுந்தார். நாலு பேர் தூக்கிக்கொண்டு பின்சியிடம் ஓடினார்கள்; சித்ராவும் பின்னாலேயே வந்து சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்ட பின்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ சேட்டா! குறச்சுன்னா கொஞ்சம். கழிக்கிறதுன்னா சாப்பிடுறது. உப்பைச் சாப்பிடத்தான் சொன்னேன்!"

உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு உள்ளே போனது. மலை தன் இடத்துக்குத் திரும்பியது. நாளைக்குப் பரிசோதனையில் தேறிவிடலாம் என்று பின்சி தைரியம் சொன்னாள். பெரியமுத்துவின் குரலும் திரும்பிவிட்டது.

"ஏட்டி! குமுளியில பொறந்து மலையாளப் பள்ளிக்கூடத்துல படிச்சவதான நீ? ஒனக்குமா வெளங்கல?"

சித்ரா வெளியே மூட்டத்தைப் பார்த்தாள். பாவமாகத் தோன்றியதால் பின்சி பரிந்து பேசினாள்:

"சேச்சியைத் திட்டாதீங்க சேட்டா, அவங்களுக்கு நல்லாத் தெரியும். நேத்தே எனக்குப் போன் பண்ணி, உப்பைக் கூட்டினா பழைய கோபமும் திரும்பி வருமோன்னு கேட்டாங்களே!"