தண்ணீர் டேங்க்கில் ஏழு பாட்டு

என் மனைவி தமிழ்மொழிக்குத் தெரியாமல் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டுவிடுவது என்று சித்திரை முதல் தேதி முடிவெடுத்தேன். நல்ல நேரம் பார்த்துத்தான் எடுத்தேன்.

குழு பெரியதில்லை. நானும் விக்கியும். விக்கி அரியலூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், கீபோர்டு வாசிப்பான். நான் பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் ஆய்வக உதவியாளன். கிதார் வாசித்துப் பாடுவேன். குழுவின் பெயர் 'அரைத்தூக்கம்'. எங்கள் இசைக்கு 'ட்ரீம் பாப்' என்று பெயர். கல்லூரி விடுதியில் ஒட்டிக்கொண்ட வியாதி. கிதார் மழைக்குள் கேட்பதுபோல் கேட்க வேண்டும். குரல் அதற்கும் பின்னால், மூன்று அறை தள்ளி யாரோ பாடுவதுபோல் வர வேண்டும். சொற்கள் கரைந்துபோக வேண்டும். கேட்பவருக்குத் துக்கம் புரியலாம். விவரம் புரியக் கூடாது.

எனக்கு வேண்டியதும் அதுதான். விவரத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

ஐப்பசியில், வளைகாப்பு முடிந்த பதினோராம் நாள், எங்கள் குழந்தை ஏழாம் மாதத்தில் இறந்து பிறந்தது. பெண். அப்படிப்பட்ட குழந்தைக்குக் கருமாதி கிடையாது. வாசலில் பந்தல் கிடையாது. துக்கம் கேட்க யாரும் வருவதில்லை. ஆண்டிமடத்திலிருந்து வந்த மாமியார், அழுதால் அடுத்தது தங்காது என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். தமிழ்மொழி அழவில்லை. அவள் அழாதபோது நான் எப்படி அழுவது? அவள் கழற்றிவைத்த வளைகாப்பு வளையல்களை ஒரு டப்பாவில் போட்டு, பரண்மேல் பழைய கிதார் உறைக்குள் ஒளித்துவைத்தேன். அதன்பிறகு ஆறு மாதம் நாங்கள் இருவரும் கேஸ் புக்கிங், தோசை மாவு, கரண்ட் கட் ஆகியவற்றைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டோம்.

எனவே பாடியாக வேண்டும். அவளுக்குப் புரியவும் கூடாது.

நல்ல எக்கோவுக்கு எங்கே போவது என்று விக்கியிடம் கேட்டேன். கோயில் மண்டபம், கிணறு, காலி தண்ணீர் டேங்க் என்று மூன்று யோசனை சொன்னான். மண்டபத்தில் ஆட்கள் இருப்பார்கள். கிணற்றில் பாம்பு இருக்கும். குரும்பலூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் டேங்க் இருந்தது.

முதல் ஞாயிறு காலை, டேங்க் கழுவப் போவதாக அறிவித்தேன். தமிழ்மொழி துடைப்பத்தை எடுத்துக் கொடுத்தாள். மேலே போய், இருந்த தண்ணீரைத் திறந்துவிட்டு டேங்க்கைக் காலியாக்கினேன். மைக்கைக் கயிற்றில் கட்டி, அடியில் தண்ணீர் வெளியேறும் துளைப் பக்கமாகத் தொங்கவிட்டேன். தலையை மட்டும் டேங்க்கின் வாய்க்குள் விட்டுப் பாடினேன். முதுகில் பெரம்பலூர் வெயில். தெருவில் போனவர்களுக்குத் தலையில்லாத ஒருவன் டேங்க்மேல் குப்புறக் கிடப்பது மட்டும் தெரிந்திருக்கும்.

முதல் பாட்டு ஆஸ்பத்திரிப் படிவத்தைப் பற்றியது. எங்கள் வம்சத்தில் படிவம் பூர்த்தி செய்யத் தெரிந்த முதல் ஆள் நான். தெருவுக்கே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை. அன்று குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். பாட்டில் அவ்வளவுதான். அதைப் பாடுகையில் நடுவில் மூக்கை உறிஞ்சினேன். டேங்க் அதையும் எக்கோவாக்கித் தந்தது.

அடுத்த ஞாயிறும் டேங்க் கழுவப் போகிறேன் என்றேன்.

“போன வாரந்தான கழுவுனீங்க?”

“பாசி.”

“ஒரே வாரத்துலயா?”

“வெயில் அப்படி.”

“சரிங்க,” என்றாள். நம்பிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். ஒரு படித்தவன் ஏமாற்ற நினைத்தால் யாரால் தடுக்க முடியும்?

அதிர்ஷ்டமும் என் பக்கம் இருந்தது. இரண்டாம் ஞாயிறிலிருந்து நான் மேலே போகும்போதெல்லாம் டேங்க் தானாகவே காலியாக இருந்தது. வீட்டுக்காரர் பாப்பாத்தி அக்காவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நிரப்பிய தண்ணீர் விடிவதற்குள் எங்கே போகிறது, இது வூடா இல்லை லாரி கழுவுகிற இடமா என்று வாசலில் நின்று கேட்டார். நான் உள்ளே ஒளிந்துகொண்டேன். துணி நிறைய என்று தமிழ்மொழிதான் சமாளித்து அனுப்பினாள். என்னைக் காப்பாற்றுவதே தெரியாமல் என்னைக் காப்பாற்றுகிறாளே என்று அவளுக்காகப் பரிதாபப்பட்டேன்.

ஏழு ஞாயிறு, ஏழு பாட்டு. தொகுப்புக்கு 'ஏழு' என்று பெயர் வைத்தேன். ஏழு பாட்டு இருப்பதால் என்று விக்கியிடம் சொன்னேன். அவன் அரியலூரிலிருந்து எல்லாவற்றையும் கலந்து, என் குரல்மேல் இன்னும் கொஞ்சம் எக்கோ ஊற்றி, இணையத்தில் ஏற்றினான். ஒரு வாரத்தில் அறுபத்தொரு முறை கேட்கப்பட்டது. அதில் நாற்பது முறை கேட்டவன் நான்.

எட்டாம் நாள் மத்தியானம் விக்கி கூப்பிட்டான்.

“மாப்ள, பாட்டுக்குக் கீழ ஒருத்தரு எழுதியிருக்காரு, பாத்தியா? ஏழாவது பாட்டுல பின்னாடி பாடுற பொண்ணு யாருன்னு கேக்குறாரு.”

“பொண்ணு இல்லடா. அது எக்கோ.”

“எக்கோ பொம்பளக் கொரல்லயா வரும்? சின்னக் கண்ணாடிச் சத்தம் வேற கேக்குது. அது என்ன கருவி?”

ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டு முதன்முறையாக இயர்போனில் கேட்டேன். ஏழாவது பாட்டு, பிறக்கும் முன்பே குழந்தைக்கு நாங்கள் வாங்கிய மஞ்சள் சட்டையைப் பற்றியது. நான் பாடி முடித்த இடத்தில், எக்கோவுக்கும் பின்னால், மூன்று அறை தள்ளி, ஒரு பெண் சொல்லில்லாமல் தாலாட்டிக்கொண்டிருந்தாள். தாலாட்டும் கை அசைய அசைய, வளையல் சத்தம்.

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்தேன்.

தமிழ்மொழி சமையற்கட்டில் குழாயடியில் வெண்டைக்காய் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பார்த்தேன். வெறும் கை. பரணை நிமிர்ந்து பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். குழாயை மூடினாள்.

“டேங்க்கு காலியா இருந்தா, இந்தக் கொழாயத் தெறந்தா நீங்க பக்கத்துல நின்னு பாடுற மாதிரி கேக்குதுங்க.”

“எப்பலேருந்து?”

“மொதப் பாட்டுலேருந்து.”

“வார்த்தையெல்லாம்?”

“அந்தக் கோடு போட்டதுலேருந்து எல்லாந்தான். கொழாயில எக்கோ வரல.”

சனிக்கிழமை இரவே குடம், அண்டா, பக்கெட் எல்லாம் பிடித்துவைத்துவிட்டு, மீதித் தண்ணீரை வாழைக்குத் திறந்துவிட்டிருக்கிறாள், இரண்டாம் வாரத்திலிருந்து. பாப்பாத்தி அக்காவிடம் துணி நிறைய என்று சொன்னதும் அதற்குத்தான்.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, மொழி.”

“சொன்னா நிறுத்திருப்பீங்க.” வெண்டைக்காயை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்தாள். “ஆறு மாசமா நான் மட்டுந்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன், நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். கேஸு வந்துச்சா, மாவு இருக்கான்னே கேட்டுக்கிட்டு இருந்தீங்க. ஞாயித்துக்கெழமை மட்டுந்தான் எனக்குத் தொணைக்கு ஆள் இருந்துச்சு.”

கடைசி ஞாயிறு மட்டும் பரணிலிருந்து வளையலை எடுத்துப் போட்டுக்கொண்டு, திறந்த குழாயடியில் தாலாட்டினாளாம். குழந்தைக்கென்று போட்டது, குழந்தைக்கு ஒரு தடவையாவது கேட்கட்டும் என்றாள்.

நான் நின்றபடியே அழுதேன். அவளும் அழுதாள், மாமியார் சொன்னதை மீறி. எக்கோ இல்லாமல் அழுதால் எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று அன்றுதான் கேட்டுக்கொண்டோம்.

கொஞ்ச நேரம் கழித்து, பரணிலிருந்து வளையல் டப்பாவை இறக்கி அலமாரியில், கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன். அடுத்த தொகுப்பில் அவள் பெயரையும் போடுவதாகச் சொன்னேன். யோசித்துவிட்டுச் சரி என்றாள். இந்த ஞாயிறும் டேங்க்கைக் காலி செய்து வைப்பாளா என்று கேட்டேன். அதற்கும் சரி என்றாள். கலை ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்துவிட்டது என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு குழாயைத் திறந்தாள். வந்த தண்ணீரைக் கையில் பிடித்து என் முன்னால் நீட்டினாள். பச்சையாக இருந்தது.

“இந்த ஞாயித்துக்கெழமையாச்சும் அந்த டேங்க்கக் கழுவிடுங்க.”