வெயிலில் ஒரு பங்கு

கட்டா மீன் கருவாட்டு வாசம் எந்தத் தெருவில் வந்தாலும் என் தலை தானாக மேலே நிமிர்ந்துவிடும். மற்றவர்களுக்கு அது கடையிலிருந்து வரும். எனக்கு ஆகாயத்திலிருந்துதான். கொழும்பு வெள்ளவத்தையில் வானத்தைச் சொந்தமாக வைத்திருந்த ஒரே ஆள் எங்கள் கருவாட்டு அன்ரி.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து எங்கள் தொடர்மாடியில் இரண்டாம் மாடி வீட்டை வாங்கியவ. வந்த கிழமையே மொட்டைமாடியில் பாய் விரித்து, மீனைப் பிளந்து பரப்பி, குடை பிடித்துக்கொண்டு காகத்துக்குக் காவல் இருந்தா. கீழே கடற்கரை ரயில் ஓடும்; மேலே அன்ரியின் கையில் செபமாலை ஓடும்; நடுவில் ஐந்து மாடிச் சனமும் மூக்கைப் பொத்திக்கொண்டு சீவித்தோம். அங்கே காய்ந்த உடுப்போடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்துச் சீற் தானாகக் காலியாகும்.

கூட்டம் போட்டோம். தலைவர் நாலாம் மாடி விரதக்காரர். முட்டை என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்காதவர். அன்ரி அசையவில்லை.

"மொட்டைமாடி எல்லாருக்கும் பொது. அப்ப எனக்கும் பங்கு. என்ர பங்கில நான் காயப் போடுறன், உங்கட பங்கில நீங்க மூக்கைப் பொத்துங்கோ."

கடைசியில் ஒரே உடன்பாடு: வெள்ளிக்கிழமை கருவாடு இல்லை. எங்களுக்கு அது விரத நாள்; கத்தோலிக்க வேதக்காரியான அவவுக்கோ இறைச்சியை விலக்கி மீன் தின்னும் நாள். இராச்சியத்தையே விட்டுக்கொடுத்தவ மாதிரி ஒத்துக்கொண்டா.

பிறகுதான் கட்டடத்தைக் கட்டின முதலாளி வந்தார். மொட்டைமாடியில் இன்னொரு சொகுசு வீடு கட்டி விற்கப்போறாராம். மண்ணில்லாத ஊரில் எங்களுக்கு மிஞ்சியது கொஞ்ச வெயில்; அதையும் சதுர அடி போட்டு விற்கப் பார்த்தார். நாங்கள் கெஞ்சினோம். அன்ரி லிஃப்ட் வாசலில் மறித்தா.

"பொதுப் பங்கு வீட்டோட ஒட்டினது, முதலாளி. பிரிச்சு விக்க ஏலாது."

அவர் சிரித்தார். கருவாடு இல்லாத நாளை விசாரித்து, வீடு வாங்க வருகிறவரை வெள்ளிக்கிழமை கூட்டிவர ஏற்பாடு செய்தார்.

அன்று காலை அன்ரியின் கதவைத் தட்டியவர் விரதக்காரர். கோயிலால் வந்த கையோடு, நெற்றிச் சந்தனம்கூடக் காயவில்லை.

"அக்கா, இண்டைக்குக் காயப் போடுங்கோ."

"வெள்ளிக்கிழமை, தலைவர்."

"முருகனிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வாறன்."

கருவாட்டுத் தட்டை அவரே தூக்கிக்கொண்டு, மூக்கைப் பொத்தாமல் படியேறினார். பின்னால் நாங்கள் எல்லோரும், ஆளுக்கொரு பாயோடு. வாங்க வந்தவர் கடலைப் பார்க்கவேயில்லை. கைக்குட்டைக்குள் இருந்தபடி, இது தினமும் இருக்குமா என்று கேட்டார்.

"மற்ற நாளில இன்னும் கூட," என்றார் விரதக்காரர்.

அந்தச் சொகுசு வீடு அதோடு சரி. மொட்டைமாடி இன்றைக்கும் மொட்டையாகத்தான் கிடக்கிறது.

வருசங்கள் போய் அன்ரிக்கு முழங்கால் விட்டுப்போனது. லிஃப்டோ அதற்கு முன்னமே விட்டிருந்தது. வீட்டை விற்றுவிட்டுக் கொட்டாஞ்சேனைக்கே, படியில்லாத வீடொன்றுக்குப் புறப்பட்டா. சாமான் ஏற்றிய வான் வண்டிக்குள் இருந்து என்னைக் கூப்பிட்டா.

"வீட்டைத்தான் வித்தனான். மேல இருக்கிற பங்கை விக்கேல்ல."

"பிரிச்சு விக்க ஏலாதெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள், அன்ரி?"

"அது முதலாளிக்குச் சொன்ன சட்டம்."

வான் கதவை இழுத்துச் சாத்தியவ, திரும்பத் திறந்து மொட்டைமாடியை ஒருக்கால் அண்ணாந்து பார்த்தா.

"என்ர மூலையைச் சும்மா விடாதை, பிள்ளை. உன்ர உடுப்பையாவது காயப் போடு."